பின் சில்லில் கறள்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு மூன்று கிழமைகள் இருக்கும்போது எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "கார் பத்து மாசமா நிண்டது தம்பி. பற்றரி மாத்தி ஸ்ராட் பண்ணியாச்சு. கியரைப் போட்டால் பின்பக்கம் குந்துது, நகருதில்லை." கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் வரப்போகிறார்கள். அதற்குள் வாகனம் ஓடவேண்டும். அவசரம் புரிகிறது. ஆனால் எஞ்சினை முறுக்கி அந்தச் சில்லை இழுத்து விடுவிக்க முயலாதீர்கள் என்பதே நான் முதலில் சொல்வது.

சிக்கியிருப்பது பெரும்பாலும் பின் கலிப்பர் (சில்லோடு சுழலும் டிஸ்க் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கி). எல்லா வாகனத்திலும் இது இருப்பதில்லை. அல்டோ, வாகன்ஆர் போன்ற சிறு கார்களுக்குப் பின்னால் இருப்பது டிறம் (உள்ளிருந்து விரியும் பிறேக் கொண்ட உருளை). பிறியஸ், வெசல் போன்ற ஹைபிரிட் கார்களிலும், பல்சர் 220 போன்ற மோட்டார் சைக்கிள்களிலும் பின்னாலும் டிஸ்க் உண்டு. உங்கள் வாகனத்தில் எது என்று அறியச் சில்லின் இடைவெளியூடாகப் பார்த்தாலே போதும். பளபளக்கும் தட்டுத் தெரிந்தால் டிஸ்க்.

கலிப்பர் தேய்ந்துவிட்டது என்று வாடிக்கையாகச் சொல்கிறோம். தேய்வது பாட் (டிஸ்க்கில் உராயும் கட்டை). யாழ்ப்பாணத்தில் கலிப்பர் கெடுவது பெரும்பாலும் கறள் பிடித்து இறுகுவதால்தான். ஓடி ஓடிக் கெட்ட பின் கலிப்பர்களைவிட, நின்று நின்று கெட்டவற்றையே நான் கூடுதலாகக் கழற்றியிருக்கிறேன்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று விளங்கும். மிதியை அழுத்தும்போது பிறேக் ஒயில் பிஸ்ரனை (முசலத்தை) வெளியே தள்ளுகிறது. பிஸ்ரன் உள்பக்கப் பாட்டை டிஸ்க்கில் அழுத்துகிறது. அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைட் பின்களின் (வழுக்கு ஆணிகளின்) மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பாட்டையும் இழுத்து ஒட்டுகிறது. மிதியை விட்டதும் பிஸ்ரனைத் திருப்பி இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்ரனைச் சுற்றியிருக்கும் சதுரமுக ரப்பர் சீல் அழுத்தத்தில் சற்று முறுகி, அழுத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பும்; திரும்பும்போது பிஸ்ரனையும் மயிரிழையளவு கூட்டிவரும். அவ்வளவுதான் அதன் பலம். அந்த மயிரிழை இடத்தில் கறள் குந்திவிட்டால் சீல் தோற்றுப்போகிறது, பாட் டிஸ்க்கை விடுவதில்லை.

கறளுக்கு நமது குடாநாட்டில் குறைவில்லை. மூன்று பக்கமும் கடல், நடுவே பரவைக்கடல். வாடைக்காற்றுக் காலத்தில் காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரையான கரையோர வீதியில் ஓடிய வாகனத்தின் கண்ணாடியில் விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். பண்ணை வழியாக வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் போகிறவர்கள், பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போகிறவர்கள் நீருக்கு நடுவேதான் ஓட்டுகிறார்கள். இதில் நாம் கவனிக்காதது கிணற்றுத் தண்ணீர். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் உவர் கலந்த கிணறுகள் பல. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சில்லுக்கு அடித்துக் கழுவிவிட்டு, ஈரத்தோடு ஹான்ட் பிறேக்கை இழுத்துப் பூட்டி, வாகனத்தை மூடுசீலையால் போர்த்திவிடுகிறோம். கறளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கனடாவில் இருக்கும் உறவினருக்கும் இந்தத் தொல்லை தெரியும். பனிக்காலத்தில் அங்கே வீதிக்கு உப்புத் தூவுவார்கள். அது சில மாதங்கள். நமக்கு ஆண்டு முழுவதும்.

ஹைபிரிட் வாகனம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். அவற்றில் மிதியை மெல்ல அழுத்தும்போது வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மின்மோட்டார்தான். அது அந்தச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பாட் டிஸ்க்கைத் தொடுவது குறைவு. பாட் நீண்டகாலம் உழைக்கிறது என்று உரிமையாளர் மகிழ்வார். பயன்படாத பின் கலிப்பர் அந்த மகிழ்ச்சிக்கிடையே மெல்ல இறுகிக்கொண்டிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கார்கள் மாதக்கணக்கில் முற்றங்களில் கிடந்தன. இன்று நம்மிடம் ஓடுகின்ற ஹைபிரிட்களில் பல இந்த இரண்டையும் தாண்டி வந்தவை.

இனி அறிகுறிகள். மழைக்கு மறுநாள் காலையில் டிஸ்க்கில் செம்மஞ்சள் படலம் தெரிந்தால் பதற வேண்டாம். வாகனம் நகரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு விடுபட்டால் அதுவும் சாதாரணமே. நாலைந்து தடவை பிறேக் பிடிக்க அந்தப் படலம் போய்விடும். கிழமைக்கணக்கில் ஓடியும் டிஸ்க்கின் ஒரு பகுதி சொரசொரப்பாகக் கறளோடு இருந்தால் அங்கே பாட் சரியாகத் தொடவில்லை. ஓட்டம் முடிந்து இறங்கியதும் ஒரு பின் சில்லருகே தீய்ந்த வாடை வருவது, அந்தச் சில்லில் மட்டும் கரிய தூள் கூடுதலாகப் படிவது, சமதரையில் நியூட்ரலில் விட்டால் வாகனம் உருளாமல் உடனே நிற்பது, எரிபொருள் காரணமில்லாமல் கூடுதலாகப் போவது என்பன இறுகிய கலிப்பரின் குறிகள். முன் சில்லுப் போல ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் இழுத்து இது தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால்தான் பின் கலிப்பரின் கோளாறு பிந்தியே தெரியவருகிறது.

சூட்டை அறிய டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் உரியும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி நிறுத்தியதும் புறங்கையைச் சில்லுக்கு அருகே கொண்டுபோய் இடது பின், வலது பின் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தெளிவாகக் கூடுதல் சூடென்றால் அங்கே உராய்வு இருக்கிறது. கொரோனாக் காலத்தில் வாங்கிய காய்ச்சல் பார்க்கும் கருவியை இதற்கு எடுக்காதீர்கள். அது உடற்சூட்டின் எல்லையோடு நின்றுவிடும். கராஜில் பாவிக்கும் கருவி வேறு. சூடான டிஸ்க்குக்குத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். தட்டு கோணலாகும், வெடிக்கவும் கூடும்.

ஓடும்போது புகை வந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துங்கள். ஹான்ட் பிறேக் போடாமல் கல்லோ கட்டையோ வைத்துவிட்டு, அரைமணி நேரம் ஆறவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள். மிதி பலகைவரை இறங்கினால் ஒரு அடியும் ஓட்டக்கூடாது. பிறேக் விளக்கு எரிகிறதே என்று ஒயிலை மட்டும் நிரப்பிவிட்டு ஓடுவதும் பிழை. பாட் தேயத் தேய ஒயில் மட்டம் தானாக இறங்கும். அல்லது எங்கோ கசிகிறது. இரண்டில் எது என்று பார்த்த பின்னரே நிரப்ப வேண்டும்.

இனிக் கராஜில் நடக்கவேண்டியது. கலிப்பரைக் கழற்றுமுன் அதுதானா குற்றவாளி என்று உறுதிசெய்ய வேண்டும். நான் வற்புறுத்துவது இதையே, ஏனெனில் நல்ல கலிப்பரைக் கழற்றி வீசிவிட்டுப் புதிதைப் பூட்டியும் அதே சில்லு இறுகியபடியே நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, ஸ்ராண்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி எவரும் கீழே குனியக்கூடாது. ஹான்ட் பிறேக்கை விடுவித்துச் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் ஹான்ட் பிறேக் கேபிளைக் கலிப்பரின் கைப்பிடியிலிருந்து (கேபிள் இழுக்கும் சிறு நெம்புகோலிலிருந்து) கழற்றுங்கள். கைப்பிடி தன் தொடக்க நிலைக்குத் திரும்பிச் சில்லு சுற்றினால் குற்றம் கேபிளில். உறைக்குள் கறள் பிடித்திருக்கும். அப்போதும் சுற்றவில்லையென்றால் நிப்பிளை (காற்றகற்றும் சிறு திருகை) மெல்ல இளக்குங்கள். ஒயில் பீறிட்டு, சில்லு உடனே விடுபட்டால் அழுத்தம் உள்ளே அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அநேகமாக ரப்பர் ஹோஸ் (வளையும் குழாய்) உட்சுவர் வீங்கி, போகும் ஒயிலை விட்டுத் திரும்பும் ஒயிலை மறிக்கிறது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோல இருக்கும். நிப்பிளை இளக்கியும் சில்லு அசையவில்லையென்றால்தான் கலிப்பரில் கைவைக்க வேண்டும்.

கலிப்பரைக் கழற்றியதும் இரண்டு பாட்டுகளையும் அருகருகே வையுங்கள். உள்பக்கப் பாட் மெலிந்தும் வெளிப்பக்கம் தடிப்பாகவும் இருந்தால் ஸ்லைட் பின் இறுகியிருக்கிறது. இரண்டும் சமமாக மெலிந்து, மற்றப் பக்கச் சில்லின் பாட் தடிப்பாக இருந்தால் பிஸ்ரனைச் சந்தேகிக்கலாம். ஸ்லைட் பின் மட்டும் என்றால் உங்களுக்குச் செலவு குறைவு. பின்னைக் கழற்றிச் சுத்தம்செய்து, துளையின் கறளை அகற்றி, ரப்பர் உறையைப் புதிதாக்கி, பிறேக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் கிறீஸ் இட்டால் போதும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லத்தான் வேண்டும். 1990களில் பெற்றோல் வராத காலத்தில் நம்மூர் மெக்கானிக்குகள் ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். கார்பரேற்றருக்குச் சில துளி பெற்றோல் காட்டி எழுப்பிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டம். உதிரிப்பாகமே கிடைக்காத நாட்களில் எதையும் கழுவி, உரசி, திரும்பப் பூட்டிய கைகள் அவை. அந்தத் தலைமுறையிடம் தொழில் பழகியவன் என்ற வகையில் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. ஆனால் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கமும் அங்கிருந்துதான் எம்மோடு வந்தது. இன்றைய பிறேக் சீல் ரப்பருக்கு மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல், எஞ்சின் ஒயில், சாதாரண கிறீஸ் எதுவும் ஆகாது. அவை பட்ட ரப்பர் ஊதி மென்மையாகும். ஊதிய சீல் பிஸ்ரனை விடாது. கழுவிய அன்று நன்றாக இருக்கும் பிறேக் சில கிழமைகளில் மீண்டும் இறுகுவதன் இரகசியம் இதுவே. புதிய பிறேக் ஒயில் மட்டுமே சீலைத் தொடலாம்.

பிஸ்ரன் இறுகியிருந்தால் அதை வெளியே எடுத்துப் பார்த்தே முடிவு சொல்ல முடியும். சீல் ஓடும் பகுதி கண்ணாடிபோல வழுவழுப்பாக, கலிப்பர் உடலும் நல்லதாக இருந்தால் சீல் கிற் (சீலும் தூசுக் காப்பும் அடங்கிய பொதி) மாற்றினாலே போதும். பிஸ்ரனில் கறள் குழி விழுந்திருந்தால் எமரித்தாளால் உரசித் திரும்பப் பூட்டச் சம்மதிக்காதீர்கள். மேற்பூச்சுப் போன இரும்பு அடுத்த மாரிக்குள் மறுபடி கறள் பிடிக்கும், உரசிய தழும்பால் ஒயில் கசியும். புதிய பிஸ்ரன் கிடைத்தால் மாற்றுங்கள். ஹான்ட் பிறேக் கைப்பிடியின் அச்சு இறுகியிருந்தாலோ அதன் அடியில் ஒயில் கசிந்தாலோ, திருத்துவதில் காலம் கழிக்காமல் கலிப்பரையே மாற்றுவதுதான் என் பரிந்துரை. உள்ளே ஸ்பிரிங்கும் திருகும் அடங்கிய அந்தப் பொறியை முற்றாகப் பிரித்து நம்பிக்கையோடு திரும்பப் பூட்டுவோர் மிகக் குறைவு.

முன் கலிப்பரில் பழகிய கை பின் கலிப்பரில் இடறுவதும் இந்தப் பொறியில்தான். புதிய பாட் போடும்போது முன் பிஸ்ரனைக் கிளாம்பால் நெருக்கி உள்ளே தள்ளலாம். ஹான்ட் பிறேக் உள்ளடங்கிய பின் பிஸ்ரனைத் தள்ளக்கூடாது. அதற்கான கருவியால் சுழற்றிச் சுழற்றி உள்ளே இறக்க வேண்டும். வெளியே எடுப்பதும் சுழற்றித்தான். பிஸ்ரன் முகத்தில் எதிரெதிரே வெட்டுகள் இருப்பது அதற்காகவே. நெருக்கினால் உள்ளிருக்கும் திருகு உடைந்து, அதுவரை திருத்தக்கூடியதாயிருந்த கலிப்பர் பழைய இரும்பாகிவிடும். வெசல் போன்ற மின்சார ஹான்ட் பிறேக் கொண்டவற்றில் கலிப்பரிலேயே சிறு மோட்டார் இருக்கும். அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் கைவைக்கக்கூடாது. பிறியஸில் காரோட்டியின் கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும். உங்கள் விரல் கலிப்பருக்குள் இருக்கும் நேரம் யாராவது கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இத்தகைய வாகனங்களை ஸ்கானர் வைத்திருக்கும் கராஜுக்கே கொண்டுபோங்கள்.

புதிய கலிப்பர் விலை கூடியது. எல்லோரும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்தது எடுப்பிக்கவே நினைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவை பெரும்பாலும் வரும் ஜப்பானிலும் பனி விழும் பகுதிகளில் வீதிக்கு உப்புப் போடுவார்கள், அங்கே ஓடிய வாகனத்தின் கலிப்பர் நம்முடையதைவிடக் கறளோடு வரக்கூடும். வாங்குமுன் நிப்பிள் இளகுகிறதா, கைப்பிடி தானாகத் திரும்புகிறதா, ஸ்லைட் பின் அசைகிறதா என்று பாருங்கள். வாகனத்தின் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்துப் பாக இலக்கத்தை ஒப்பிடுங்கள். பாவித்த கலிப்பருக்கும் புதிய சீல் போட்டே பூட்ட வேண்டும். ஒரு பக்கக் கலிப்பரை மட்டும் மாற்றலாம், பாட்டை மட்டும் ஒருபோதும் ஒரு பக்கம் மாற்றக்கூடாது. இரு பின் சில்லுக்கும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிப்புப் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போய்விட்டால் டிஸ்க்கையும் மாற்றுங்கள்.

பூட்டும்போது இடது வலது மாறிவிடுவது அடிக்கடி நடக்கும். நிப்பிள் மேல்நோக்கி இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். கீழே இருந்தால் காற்று மேலே தங்கிவிடும், எத்தனை தரம் ஒயில் விட்டாலும் மிதி பஞ்சாகவே இருக்கும். ஹோஸ் பூட்டும் இடத்தின் செப்பு வாசர்கள் புதியவையாக இருக்கட்டும். கழற்றிய கலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தூக்கிவைக்கச் சொல்லுங்கள். தூளைக் காற்றடித்துப் பறக்கவிடக் கூடாது. ஈரமாக்கித் துடைக்க வேண்டும், பழைய பாட்டுகளில் கல்நார் இருந்திருக்கலாம்.

பிறேக் ஒயிலையும் இத்தோடு புதுப்பியுங்கள். அது காற்றின் ஈரத்தைத் தானே உறிஞ்சும். டொட் 3 தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230இலிருந்து 155. ஈரம் கலந்த ஒயில் உள்ளிருந்தே பிஸ்ரனுக்குக் கறள் கொடுக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மூடி திறந்து நெடுநாள் தட்டில் இருந்த போத்தலை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"பின் பிறேக் அவ்வளவு முக்கியமில்லை, லைனை அடைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது" என்று யாராவது சொன்னால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். நிறுத்தும் விசையில் பெரும்பங்கு முன்னால்தான், உண்மை. ஆனால் ஈர வீதியில் வாகனத்தை நேர்கோட்டில் வைத்திருப்பதில் பின் பிறேக்குக்குப் பங்குண்டு. ஸ்லைட் பின்னுக்குத் தேங்காயெண்ணெய், கறளுக்குத் தேசிக்காய், சத்தத்துக்கு டிஸ்க்கில் ஒயில் விசிறுவது என்பனவும் அதே இனம். தேசிக்காய் குத்துவிளக்குக்கு நல்லது. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறியதைப் பிறேக்குக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அங்கே பார்ப்பது புகையை மட்டுமே.

வேலை முடிந்து வாகனத்தை எடுக்கும்போது, நகர்த்துவதற்கு முன் மிதியைப் பல தடவை அழுத்திக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். புதிய பாட்டுக்கும் பிஸ்ரனுக்கும் இடைவெளி இருந்தால் முதல் அழுத்தத்தில் பிறேக் பிடிக்காது. ஆள் நடமாட்டமில்லாத வீதியில் ஐம்பது கிலோமீற்றர் வேகத்திலிருந்து பத்துக்கு, முற்றாக நிறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை இடைவெளி விட்டுக் குறையுங்கள். பாட் டிஸ்க்கோடு படியும். ஒரு கிழமை கழித்துச் சில்லின் உட்புறத்தில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

வாகனம் மாதக்கணக்கில் நிற்கப்போகிறதென்றால் உப்பில்லாத நீரால் சில்லைக் கழுவி, பத்து நிமிடம் ஓட்டிப் பிறேக் பிடித்து உலர்த்தி, பின்னர் நிறுத்துங்கள். கியரில் அல்லது பார்க் நிலையில் விட்டு, இரண்டு சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹான்ட் பிறேக்கை விடுவித்துவிடுங்கள். மின்சார ஹான்ட் பிறேக் தானாக விழும் வாகனங்களில் அதை எப்படி விலக்குவது என்று கைநூலில் இருக்கும். கிழமைக்கு ஒருமுறை அயலவரோ மருமகனோ சுன்னாகம் வரையாவது ஓட்டிவந்தால் நல்லது. நீங்கள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ புறப்படுமுன் ஒரு மட்டையில் 'ஹான்ட் பிறேக் போடவில்லை, சில்லுக்குக் கட்டை வைத்திருக்கிறது' என்று எழுதி ஸ்ரியரிங்கில் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் அக்கறையுள்ள யாராவது ஒருவர் வந்து, பாதுகாப்புக்கென்று ஹான்ட் பிறேக்கை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்.